மலைவீட்டில் காயாத ஸ்பாஞ்சு: பாத்திரம் தேய்க்கிற சாமான்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று யாரைக் கேட்டாலும் "நல்லாப் பிழிஞ்சு வெயில்ல போடு" என்பார்கள். சரி, வெயிலுக்கு எங்கே போவது? கூடலூரிலும் ஊட்டிக்கு மேற்கேயும் ஆனியில் பிடிக்கிற சாரல் ஆவணி வரைக்கும் விடாது, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வடகிழக்கு மழை இறங்கிவிடும், இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நாட்களில் பாதி மூட்டம். கோயம்புத்தூரில் மத்தியானத்துக்குள் விறைத்துக் காய்ந்துவிடும் ஸ்பாஞ்சு இங்கே மறுநாள் காலையிலும் கையில் எடுத்தால் ஈரம் கசியும். ஆகவே சமவெளிக்காரர்களுக்குச் சொல்கிற வழிமுறை நமக்கு அப்படியே பொருந்தாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சோப்பு, எலுமிச்சை, வினிகர், வெந்நீர் எல்லாம் அப்புறம். முதல் வேலை உலர்த்துவது. உலராத சாமான் எதுவாக இருந்தாலும், அதை எப்படிக் கழுவினாலும், இரண்டு நாளில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

ஈரத்தில் என்ன நடக்கிறது

ஸ்பாஞ்சுக்குள் ஆயிரக்கணக்கான பொந்துகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சோறு, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பால், அதோடு தண்ணீர். பாக்டீரியாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். 2017-இல் ஜெர்மனியில் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்தின் மார்க்குஸ் ஏகெர்ட் குழுவினர் வீடுகளில் இருந்து வாங்கிய 14 பழைய ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்து 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடிக்கு மேல் பாக்டீரியா இருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: அடிக்கடி சுத்தம் செய்கிறோம் என்று சொன்ன வீட்டு ஸ்பாஞ்சுகளில் பாக்டீரியா குறைவாக இல்லை, துணியில் ஊத்த வாடையைக் கிளப்புகிற மொராக்செல்லா என்ற வகையின் பங்கு அவற்றில் அதிகமாகவே இருந்தது. அதாவது வெந்நீரில் முக்கியதும் மைக்ரோவேவில் வைத்ததும் பலவற்றைக் கொன்றிருக்கும், தப்பியவை காலி இடத்தைப் பிடித்துக்கொண்டு பெருகியிருக்கும். அந்த ஆராய்ச்சியாளர்கள் கடைசியில் சொன்ன யோசனை, வாரம் ஒரு முறை ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்கள் என்பதுதான்.

இந்தக் கோடிக் கணக்கைப் பார்த்து அலற வேண்டாம். அதில் பெரும்பாலானவை நல்ல உடம்பை ஒன்றும் செய்யாதவை. கவலைப்பட வேண்டியது பச்சைக் கறி, முட்டை ஓடு வழியாக வருகிற சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் போன்ற வயிற்றைக் கெடுக்கிற கிருமிகள் ஸ்பாஞ்சில் தங்கி, அடுத்து தேய்க்கிற டம்ளருக்குப் போவதைப் பற்றித்தான். வீட்டில் கைக்குழந்தை, வயதானவர், சர்க்கரை நோயாளி, கீமோதெரபி எடுப்பவர் இருந்தால் இது இன்னும் பெரிய விஷயம்.

இங்கே குளிர்தானே, குளிரில் கிருமி வளராதே என்று பலர் நினைக்கிறார்கள். மெதுவாக வளரும், அவ்வளவுதான். தை மாதத்தில் தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் உறைபனி விழுகிற நாட்களில் வாசல் கல்லில் வைத்த ஸ்பாஞ்சு விறைத்துக் கல்லாகிக் கிடந்தாலும் அதிலிருக்கும் பாக்டீரியாவில் நிறைய உயிரோடு இருக்கும், உறைவது அவற்றுக்குத் தூக்கம் மாதிரி. சமையலறைக்குள் கொண்டுவந்து வெந்நீரில் நனைத்ததும் எழுந்துவிடும்.

குளிர் செய்கிற இன்னொரு வேலை உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் அதற்கு முன்பே. ஊட்டிக் குளிர்காலத்தில் பகலில்கூட அந்தச் சூடு வராது. பச்சைத் தண்ணீரில் கறிச்சட்டியைத் தேய்த்தால் கொழுப்பு கரையாமல் நாரிலும் ஸ்பாஞ்சிலும் மெழுகாக அப்பிக்கொள்ளும், அந்த மெழுகுக்குள் சோப்பும் போகாது, வெந்நீரும் சீக்கிரம் போகாது. மலையில் ஸ்பாஞ்சு சீக்கிரம் நாறுவதற்கு மழைக்கு அடுத்த காரணம் இதுதான்.

எதை வாங்குவது

நோர்வேயின் நோஃபிமா உணவு ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல் ஸ்பாஞ்சையும் பாத்திரம் கழுவுகிற பிரஷ்ஷையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. இரண்டிலும் சால்மொனெல்லாவைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஈரமாகவே இருந்த ஸ்பாஞ்சில் அது பெருகியது, இரவில் காய்ந்துவிட்ட பிரஷ்ஷில் செத்துக் குறைந்தது. பிரஷ் நல்ல சாமான் என்பதால் இல்லை, அதில் தண்ணீர் தங்க இடம் இல்லை என்பதால்.

இதை வைத்து நம் ஊர்ச் சாமான்களைப் பார்த்தால் வரிசை தானாகவே விழும். நீளக் கைப்பிடி உள்ள பிரஷ் சீக்கிரம் காயும், பனிக்காலத்தில் ஐஸ் தண்ணீரில் கையை விட வேண்டியதும் இல்லை, அதனால் மலைவீட்டுக்கு நான் முதலில் சொல்வது அதுதான். தட்டு, டம்ளர், கரண்டிக்கு அது போதும். ராகிக் களி ஒட்டின பாத்திரம், அடிப்பிடித்த பால் சட்டி, வாணலி இதற்கெல்லாம் பிரஷ் ஒன்றும் பண்ணாது, அதற்குக் கம்பி நாரோ தேங்காய் நாரோ வேண்டும். கம்பி நாரில் தண்ணீர் ஊறாது, ஆனால் சுருளுக்குள் சோற்றுப் பருக்கை சிக்கிக்கொள்ளும், அதைக் குழாயடியில் பிரித்து உதறினால்தான் போகும். துருப்பிடிக்க ஆரம்பித்தால், துண்டு துண்டாக உதிர ஆரம்பித்தால் உடனே கழித்துவிடுங்கள், சாப்பாட்டில் கம்பி வந்தால் அது வேறு கதை.

தேங்காய் நாரும் காய்ந்த பீர்க்கங்காய் நாரும் எனக்குப் பிடித்தவை, மண்ணில் போட்டால் மக்கிவிடும். ஆனால் இயற்கைப் பொருள் என்பதாலேயே கிருமி அண்டாது என்று நினைத்துவிடாதீர்கள், அவையும் தண்ணீர் குடிக்கும், மூட்டத்தில் பூசணம் பிடிக்கும். பீர்க்கங்காய் நாரை முழுசாக வைத்துக்கொள்ளாமல் இரண்டு விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கிக்கொண்டால் சீக்கிரம் காயும். மஞ்சள் ஸ்பாஞ்சும் பச்சை நாரும் ஒட்டி வருகிறதே, அது விலை குறைவு, எங்கும் கிடைக்கும், நன்றாகவே தேய்க்கும், காய்வதில் மட்டும் கடைசி. அதுதான் வேண்டும் என்றால் குறுக்கே இரண்டாக வெட்டிப் பயன்படுத்துங்கள். பாதித் துண்டு கைக்குள் அடங்கும், பிழியவும் எளிது, வாரக் கடைசியில் தூக்கிப் போடவும் மனசு வரும். வெறும் பச்சை நார்த் தாளாக வாங்கினால் இன்னும் நல்லது, மெல்லியது, ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். சிலிக்கோன் ஸ்க்ரப்பர் தண்ணீரே குடிக்காது என்பது உண்மை, ஆனால் அழுக்கும் லேசில் போகாது, எண்ணெய்ப் பாத்திரத்தில் வழுக்கிக்கொண்டே ஓடும். எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை.

எதை வாங்கினாலும் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இதை ஒன்றை மட்டும் செய்தாலே ஒவ்வொன்றுக்கும் காய ஒரு முழு நாள் கிடைத்துவிடும்.

தேய்க்கும்போதே பாதி வேலை

ஸ்பாஞ்சுக்குள் சாப்பாடு போகாமல் பார்த்துக்கொண்டால் அப்புறம் கொதிக்க வைக்கிற வேலை பாதியாகக் குறையும். பத்துப் பாத்திரத்தைச் சிங்க்கில் போடுவதற்கு முன்னால் எச்சிலை வழித்துக் குப்பைக்கூடையில் தட்டுங்கள், வாணலி எண்ணெயைப் பழைய செய்தித்தாள் துண்டால் துடைத்து எடுங்கள். வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டு அப்புறம்தான் நார் அதன் மேல் பட வேண்டும்.

பால், தயிர், முட்டை ஒட்டின பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். நேரே வெந்நீர் ஊற்றினால் அதிலிருக்கும் புரதம் வெந்து பாத்திரத்திலும் நாரிலும் ஒட்டிக்கொள்ளும், முட்டை வாடை போகாததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அதற்கு நேர் எதிர் எண்ணெய்ப் பாத்திரம், அதற்குத் தொடக்கத்திலிருந்தே வெந்நீர். பாய்லர் போடுகிற வீட்டில் குளித்து மிச்சமாகிற வெந்நீரில் ஒரு வாளி சமையலறைக்கு வந்தால் போதும். கை பொறுக்கிற சூடு இருந்தாலே கொழுப்பு இளகிவிடும். அந்தச் சூட்டில் கிருமி சாகாது, அதற்காக வெந்நீர் கேட்கவும் இல்லை.

வரிசையும் முக்கியம். டம்ளர், கிண்ணம் முதலில், தட்டு, கரண்டி அடுத்து, குழம்புச் சட்டி அதற்கப்புறம், வாணலி கடைசி. வாணலியைத் தேய்த்த நாரால் குழந்தையின் பால் டம்ளரைத் தேய்க்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன.

பச்சைக் கோழி, மீன், கறி வைத்த பாத்திரமும் நறுக்கின பலகையும் தனி. அதற்கு வழக்கமான ஸ்பாஞ்சைத் தொடவே கூடாது. செய்தித்தாளாலோ டிஷ்யூவாலோ துடைத்து எறிந்துவிட்டு, அதற்கென்றே வைத்திருக்கிற கம்பி நாரோ பிரஷ்ஷோ போட்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்து, கடைசியில் கொதிக்கிற தண்ணீரை மேலே ஊற்றுங்கள். அந்த நாரையும் அதே வெந்நீரில் முக்கி எடுங்கள். கோழிக் கறியைக் குழாயடியில் பிடித்து அலசுகிற பழக்கம் நம்மிடம் வேரூன்றியது, ஆனால் தெறிக்கிற தண்ணீர் சிங்க், ஸ்பாஞ்சு, பக்கத்தில் கவிழ்த்திருக்கிற தட்டு எல்லாவற்றிலும் விழும். அலசியே ஆக வேண்டும் என்றால் ஒரு பாத்திரத்துத் தண்ணீருக்குள் முக்கி அலசுங்கள், முதலில் சிங்க்கைக் காலி பண்ணிக்கொள்ளுங்கள்.

குழந்தையின் பால் பாட்டிலுக்குத் தனி பிரஷ், தனிக் கிண்ணம். சிங்க்கில் போட்டுக் கழுவ வேண்டாம்.

எங்கே காய வைப்பது

வேலை முடிந்ததும் நாரில் சோப்பைத் தடவி உள்ளே வெளியே கசக்கி, ஓடுகிற தண்ணீரில் நுரை போகிறவரை அலசி, முழுப் பலத்தோடு பிழியுங்கள். நுரை மிச்சமிருந்தால் அதுவும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அப்புறம் தொங்க விடுங்கள். படுக்க வைத்தால் அடிப்பக்கம் காயாது. சிங்க்கின் மூலையில் கிடப்பது, குழாயின் கழுத்தில் செருகுவது, சோப்பு டப்பாவுக்குள் போடுவது மூன்றும் கூடாது. துணிக் கிளிப்பை ஓர் ஆணியில் மாட்டி அதில் ஸ்பாஞ்சின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் நாலு பக்கமும் காற்று போகும், காசும் ஆகாது. பிரஷ்ஷை முடிப்பக்கம் கீழே இருக்கும்படி மாட்டுங்கள், இல்லையென்றால் தண்ணீர் கைப்பிடிக்குள் இறங்கும், மரக் கைப்பிடி கறுத்துவிடும்.

இப்போது மூட்டக் காலத்துக் கதை. மூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வருகிற நாளில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்துவிட்டது, ஸ்பாஞ்சிலிருந்து வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. ஆனால் அதே காற்று 10 டிகிரி சூடானால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதனால்தான் பாய்லர் அறையிலும் விறகு அடுப்புக்கு மேலே கட்டின கொடியிலும் துணி காய்கிறது, வராந்தாவில் காய்வதில்லை. ஸ்பாஞ்சையும் கரித்துணியையும் அங்கேயே கொண்டு போங்கள். கேஸ் அடுப்புக்கு நேர் மேலே மட்டும் எதையும் தொங்க விடாதீர்கள், எண்ணெய் ஊறின துணி தீப்பிடிக்க நேரமே ஆகாது. அடுப்புக்குப் பக்கச் சுவரில், கை நீளத் தூரத்தில், சமையல் நடக்கும் நேரத்தில் சூடு படுகிற இடம் போதும்.

ஒரு எச்சரிக்கை. இங்கே இட்லி மாவு பொங்க வைக்க எங்கே வைப்போம்? அடுப்பு ஓரத்தில், பாய்லர் பக்கத்தில், மூடி போட்டு. காற்றுப் போகாமல் கதகதப்பாக, ஈரமாக. ஸ்பாஞ்சை ஒரு டப்பாவுக்குள் போட்டு அதே அடுப்பு ஓரத்தில் வைத்தால் அதுவும் மாவு பொங்குகிற வேலையைத்தான் செய்யும். சூடு மட்டும் போதாது, சூட்டோடு காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் காற்று உள்ள குளிர்ந்த இடமே மேல்.

மாசி, பங்குனியில் வெயில் அடிக்கும்போது தாராளமாக வெளியே போடுங்கள். 1,000 மீட்டர் உயரத்துக்குப் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்று சொல்வார்கள், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அதனால் இங்கத்து வெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் உறைப்பானது. மஞ்சள் ஸ்பாஞ்சு அதில் சீக்கிரம் பொடிந்துவிடும், நாருக்கும் துணிக்கும் ஒன்றும் ஆகாது. ராத்திரி மட்டும் எதையும் வெளியே விடாதீர்கள், தேய்க்காத பாத்திரத்தைப் புழக்கடையில் போட்டுவிட்டுத் தூங்குவதும் வேண்டாம். பகலில் குரங்கு நாரைத் தூக்கிக்கொண்டு ஓடும், அது பரவாயில்லை. கோத்தகிரி, குன்னூர் எஸ்டேட் பக்கம் எண்ணெய் வாடைக்குக் கரடி வருவது ஊரறிந்த சங்கதி.

கொதிக்க வைப்பது, மலைக் கணக்கில்

மேலே ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 300 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி குறையும். கடற்கரையில் 100 டிகிரி என்றால் கூடலூரில் 96, குன்னூரில் 94, கொடைக்கானலில் 93, ஊட்டியில் 92 அல்லது 93. குக்கர் இல்லாமல் பருப்பு வேக இங்கே ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்பதற்கும் காரணம் இதுவே. குடிதண்ணீர் விஷயத்தில் 6,500 அடிக்கு மேல் இருப்பவர்கள் 1 நிமிஷத்துக்குப் பதிலாக 3 நிமிஷம் கொதிக்க விட வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது, ஊட்டியும் கொடைக்கானலும் அந்த உயரத்தைத் தாண்டியவை.

தண்ணீரைப் போல ஸ்பாஞ்சும் நாரும் துணியும் சீக்கிரம் நடுவரை சூடாவதில்லை. ஆகவே நான் சொல்வது: தளதளவென்று கொதி வந்ததிலிருந்து கணக்குப் போட்டு 5 நிமிஷம், பாத்திரத்தை மூடி, ஒரு கரண்டியால் அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி. 92 டிகிரியே சால்மொனெல்லா வகையறாவுக்கு ஏராளம், சூடு பற்றாது என்று கவலை வேண்டாம், சூடு நடுவரை போகத்தான் அந்த நேரம். கொதிக்க வைப்பதற்கு முன்னால் சோப்புப் போட்டு அலசிவிடுங்கள், எண்ணெய் பூசின ஸ்பாஞ்சைக் கொதிக்க வைத்தால் அந்த எண்ணெய் அதிலேயே திரும்பப் படியும். இதற்கென்று ஒரு பழைய இண்டாலியப் பாத்திரம் ஒதுக்கிவிடுவது நல்லது.

மழைக்காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு முறை, வெயில் காலத்தில் வாரம் ஒரு முறை செய்தால் போதும். கொதிக்க வைத்ததும் பிழிந்து காய வைக்காமல் போட்டால் செய்த வேலை வீண். பழைய சோற்றில் இருக்கிற பேசில்லஸ் செரியஸ் போன்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீருக்கும் சாகாது, ஈரம் கிடைத்தால் முளைத்துவிடும்.

மைக்ரோவேவ் இருந்தால் அதுவும் சரிதான். 2007-இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சியாளர்கள் ஈரமான ஸ்பாஞ்சை 1 நிமிஷம் மைக்ரோவேவில் வைத்துப் பார்த்ததில் அனேகமாக எல்லா பாக்டீரியாவும் செத்துவிட்டது, எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்தது அதற்குக் கிட்டக்கூட வரவில்லை. நன்றாக நனைந்திருக்க வேண்டும், காய்ந்த ஸ்பாஞ்சு தீப்பிடிக்கும். கம்பி நாரை உள்ளே வைக்கவே கூடாது, பச்சை நாரிலும் கம்பி கலந்த வகை உண்டு, பார்த்து வையுங்கள். எடுக்கும்போது இடுக்கி, கையால் எடுத்தால் சுட்டுவிடும்.

பிளீச்

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்த பிறகு, அல்லது பச்சைக் கோழி பட்ட நாருக்கு, பிளீச் போடலாம். தினமும் வேண்டாம். கடையில் கிடைக்கிற சாதாரண பிளீச் திரவம் 4 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி, அலசின நாரையும் துணியையும் அதில் 10 நிமிஷம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். அழுக்கோடு போட்டால் பிளீச் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். கம்பி நாரை ஊற வைக்காதீர்கள், துருப்பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, மலை ஈரத்தில் மூடி சரியாக மூடாத டப்பாவில் அது நமத்து, வீரியம் போய், வெறும் சுண்ணாம்பாகிவிடும்.

பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கழுவுகிற ஆசிட் எதையும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் அடைத்து வைக்கிற நம் வீடுகளில் அது விளையாட்டு இல்லை. பிளீச் எடுக்கிற அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம்.

சோப்பு டப்பா, கரித்துணி, கூடை

ஸ்பாஞ்சை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்ப்போம். முதலில் சோப்பு டப்பா. வட்டச் சோப்புக் கட்டி, அதைச் சுற்றி ஒரு விரல் ஆழத்துக்குக் கொழகொழவென்று தண்ணீர், அதன் மேல் ஊறிக்கொண்டிருக்கும் நார். தமிழ்நாட்டில் பாதி வீட்டில் இதுதான் காட்சி. சோப்பில் கிருமி வாழாது என்று நம்பித்தான் இப்படி வைக்கிறார்கள். பாத்திரச் சோப்பு அழுக்கைக் கழற்றி விடுவது, கிருமிநாசினி இல்லை. அந்தச் சேற்றில் சோற்றுத் துகளும் எண்ணெயும் கலந்துதான் இருக்கின்றன. அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் கட்டியை வையுங்கள், நாருக்கு அங்கே வேலையில்லை, தினமும் ராத்திரி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துங்கள்.

திரவச் சோப்பைச் சிக்கனத்துக்காகப் பாட்டிலில் பாதித் தண்ணீர் கலந்து வைப்பதும் அப்படியே. கலந்ததும் சோப்பைக் கெடாமல் வைத்திருக்கிற பொருள் நீர்த்துப் போகும், நாள்பட நாள்பட அதிலேயே பாக்டீரியா வளரும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கிண்ணத்தில் கலந்துகொள்ளுங்கள், மீந்ததைக் கொட்டிவிடுங்கள். சாம்பல் போட்டுத் தேய்க்கிற வீடுகள் எஸ்டேட் லைன்களில் இன்னும் இருக்கின்றன, சலித்த விறகுச் சாம்பல் நல்லதுதான், காய்ந்த டப்பாவில் இருக்கிறவரை. பிளாஸ்டிக், குப்பை எரித்த அடுப்புச் சாம்பல் வேண்டாம்.

துணிகள் மூன்று வேண்டும்: பாத்திரம் துடைக்க ஒன்று, மேடை துடைக்க ஒன்று, சூட்டுப் பாத்திரம் பிடிக்க ஒன்று. நிறத்தால் பிரித்துவிடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் மறக்காது. ஒரே கரித்துணி சட்டியை இறக்கி, மேடையைத் துடைத்து, கையைத் துடைத்து, கடைசியில் டம்ளரையும் துடைக்கிற சமையலறையில் ஸ்பாஞ்சை மட்டும் கொதிக்க வைத்து என்ன பிரயோஜனம்? பாத்திரத்தைத் துடைக்காமல் தானாகக் காயவிடுவதே சுத்தம் என்பார்கள், சமவெளிக்கு அது சரி. மூட்ட நாளில் கவிழ்த்த பாத்திரம் காலை வரை ஈரமாகவே இருக்கும், ஆகவே தினம் ஒரு காய்ந்த பருத்தித் துணி எடுத்துத் துடைத்துவிடுங்கள். மெல்லிய துணியாக இருக்கட்டும், பழைய வேட்டித் துண்டுக்கு ஈடு இல்லை, டர்க்கித் துண்டு இங்கே காயவே காயாது. காயாமல் லேசாக ஈரம் மிஞ்சின துணிக்கு இஸ்திரிப் பெட்டி நல்ல வழி, ஈரமும் போகும், சூட்டில் கிருமியும் போகும்.

பாத்திரக் கூடைக்கு அடியில் இருக்கிற தட்டைக் கடைசியாக எப்போது தூக்கிப் பார்த்தீர்கள்? அதில் தேங்குகிற தண்ணீரைத் தினமும் கொட்டி, வாரம் ஒரு முறை கூடையையும் தட்டையும் சோப்புப் போட்டுத் தேயுங்கள். சிங்க்கின் சல்லடையும் அதன் ரப்பரும் வழுவழுப்பு பிடிக்கிற இடம், அதற்குப் பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று, அது அங்கே மட்டும். ராத்திரி கடைசியாக சிங்க்கையும் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போங்கள். ரப்பர் கையுறை போடுபவர்கள் கழற்றியதும் உள்பக்கத்தை வெளியே திருப்பித் தொங்கவிட வேண்டும்.

காட்டேஜ், ஹோம்ஸ்டே

சீசனில் வந்து தங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் இல்லாமல் நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த சமையலறையில் சிங்க் ஓரம் இருக்கும் ஸ்பாஞ்சை நம்ப வேண்டாம். கிளம்பும்போதே ஒரு பச்சை நார்த் துண்டும் இரண்டு துணியும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். நடத்துகிறவர்கள் ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு புதுத் துண்டு நார் வைத்துவிடலாம், பெரிய நார்த் தாளை வெட்டினால் செலவு சில ரூபாய்தான். பூட்டும்போது எல்லா நாரையும் துணியையும் எடுத்துவிட வேண்டும், ஈரமான எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

எப்போது கழிப்பது

மூக்கு சொன்னால் உடனே. கழுவிக் காய வைத்த பிறகும் ஊத்த வாடை அடித்தால் அது தீர்ந்தது, கொதிக்க வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வழுவழுப்பு, கறுப்புப் புள்ளி, உதிர்வது, இவையும் அப்படியே. வாடை வராவிட்டாலும் மஞ்சள் ஸ்பாஞ்சு மழைக்காலத்தில் ஒரு வாரம், வெயில் காலத்தில் இரண்டு வாரம். தேங்காய் நார், பீர்க்கங்காய் நார் மூன்று நாலு வாரம் வரும், நடுவில் கொதிக்க வைத்தால். பிரஷ் முடி வளைகிறவரை சில மாதம்.

பாத்திரம் தேய்க்கிற வேலையிலிருந்து கழித்த ஸ்பாஞ்சின் ஒரு மூலையைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், மூலை இல்லாதது பாத்ரூமுக்கோ ஸ்கூட்டர் கழுவவோ என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தப்பித் தவறி சிங்க்குக்குத் திரும்பாது. அந்த வேலையும் முடிந்தால் ஸ்பாஞ்சும் பச்சை நாரும் மக்காத குப்பையில், தேங்காய் நாரும் பீர்க்கங்காய் நாரும் தோட்டத்து உரக்குழியில்.